பிரெய்ரி தபால் அட்டைகள்: தேடுவது, படிப்பது, வாங்குவது, பாதுகாப்பது – முழுமையான வழிகாட்டி

கனடாவில் மானிடோபா, சஸ்காச்சுவன், ஆல்பர்ட்டா. அமெரிக்காவில் நெப்ராஸ்கா, கேன்சஸ், இரண்டு டகோட்டாக்கள். மரமே இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் கோதுமையுமாக விரியும் இந்தப் பகுதியைத்தான் பிரெய்ரி என்கிறோம். 1903-லிருந்து 1920 வரைக்கும் அங்கே எடுத்த படங்கள் தபால் அட்டைகளாக எக்கச்சக்கமாக வந்தன. கதிரடிக்கும் கூட்டம், தானிய எலிவேட்டர் (ரயிலில் ஏற்றும்வரை தானியத்தைச் சேர்த்து வைக்கும் உயரமான கிடங்கு), புது ஊரின் ஒற்றைத் தெரு, மண்கட்டி வீட்டு வாசலில் நிற்கும் குடும்பம் என்று எல்லாமே அதில் உண்டு.

புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கவனித்தால் பெரும்பாலும் ஒரே இடம்தான்: முன்பக்கப் படத்தைப் பார்த்ததும் வாங்கிவிடுகிறார்கள், பின்பக்கத்தை அப்புறம்தான் திருப்புகிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காகவே. படிகளை மாற்றிச் செய்தால் காசு போகும், அதைவிட முக்கியமாக, அட்டையிலிருந்து கிடைக்க வேண்டிய தகவல் போகும்.

1. முதலில் எல்லை போடுங்கள்

‘பிரெய்ரி வாழ்க்கை’ என்று பொதுவாக ஆரம்பித்தால் ஒரே வருடத்தில் டப்பா நிறைந்துவிடும், ஆனால் எந்த இரண்டு அட்டைக்கும் ஒன்றோடொன்று பேச்சே இருக்காது. ஓர் ஊர், ஒரு ரயில் தடம், ஒரு தொழில், ஒரு புகைப்படக்காரர், இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை ரயில் தடம். அந்த ஊர்களில் பெரும்பாலானவை ரயில் வந்ததால் உண்டானவை. ஒரே தடத்தில் அடுத்தடுத்த ஐந்தாறு ஊர்களின் அட்டைகள் சேர்ந்தால் ஸ்டேஷன் கட்டடம், எலிவேட்டர், ஹோட்டல் எல்லாம் ஒப்பிடக் கிடைக்கும். பேர் தெரியாத ஓர் அட்டை வந்தாலும் எந்த ஊர் என்று ஊகிக்க வழி பிறக்கும். ஒற்றை ஊரை மட்டும் எடுத்தால் மாதக்கணக்கில் ஒன்றுகூட வராமல் காத்திருக்க நேரும், ஆரம்பத்திலேயே அது சோர்வைத் தரும்.

2. காசு எடுக்கும் முன் கண்ணைப் பழக்குங்கள்

சில வாரம் எதையும் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள். ஆல்பர்ட்டா பல்கலைக்கழக நூலகத்தின் ‘பீல்ஸ் பிரெய்ரி ப்ராவின்சஸ்’ தொகுப்பில் ஆயிரக்கணக்கான பிரெய்ரி தபால் அட்டைகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பக்கம் என்றால் நெப்ராஸ்கா மாநில வரலாற்றுச் சங்கத்திடம் உள்ள சாலமன் புட்சரின் படங்களைப் பாருங்கள். கஸ்டர் கவுண்டியில் மண்கட்டி வீடுகளையும் அவற்றின் முன்னால் நிற்கும் குடும்பங்களையும் ஊர் ஊராகப் போய் எடுத்தவர் அவர்.

எது அடிக்கடி கண்ணில் படுகிறது, எது அபூர்வம் என்ற கணக்கு மனதில் விழ வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயிற்சி. உதாரணமாக 1912 ஜூன் 30 அன்று சஸ்காச்சுவனின் ரெஜைனா நகரைச் சூறாவளி தாக்கியது, 28 பேர் இறந்தார்கள். அந்த இடிபாடுகளைப் படமெடுத்து ஏராளமான அட்டைகள் விற்றார்கள், அதனால் அவை இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. விற்பவர் ‘அபூர்வம்’ என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். நான்கு கடையும் ஒரு ஸ்டேஷனும் மட்டுமே இருந்த ஊரின் தெருப்படம்தான் நிஜமாகவே அரிது.

3. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அதே சாமான். கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் சின்ன புற ஊதா டார்ச். மென்மையான பென்சில். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகள், அமிலமில்லாத அட்டைப்பெட்டி, ஒரு ஸ்கேனர்.

உறையை முதலிலேயே வாங்கி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அட்டை வந்த பிறகு தேடினால் வீட்டில் கிடக்கும் பிவிசி கவரில் போட்டுவிடுவோம். பிவிசி நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டும், அப்புறம் பிரித்தால் படமும் சேர்ந்து வரும்.

4. நிஜப் புகைப்படமா, அச்சா?

அட்டையைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. லூப்பில் பாருங்கள். புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வழுவழுவென்று இறங்கினால் நெகட்டிவிலிருந்து நேரடியாகப் போட்ட புகைப்படமாக இருக்க வாய்ப்பு அதிகம். கொலோடைப் என்ற பழைய அச்சு முறையில் வந்தவற்றில் வரிசையான புள்ளிகள் இருக்காது, பொடிச் சுருக்கமாக ஒரு மணல் தன்மை தெரியும். வாலண்டைன் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் போட்ட அட்டைகளில் அதைப் பார்க்கலாம்.

வித்தியாசம் ஏன் முக்கியம்? கோடக் நிறுவனம் 1903-ல் 3ஏ மடக்குக் கேமராவைக் கொண்டுவந்தது. அதன் நெகட்டிவ் தபால் அட்டை அளவிலேயே இருந்ததால், ஊர்ப் புகைப்படக்காரர் மட்டுமல்ல, கேமரா வைத்திருந்த விவசாயிகூட தன் வீட்டையும் குதிரையையும் எடுத்து, தபால் அட்டைத் தாளில் நாலைந்து பிரதி போட்டு உறவினர்களுக்கு அனுப்ப முடிந்தது. அப்படிப்பட்ட அட்டையின் இன்னொரு பிரதி உலகத்தில் இல்லாமலே போகலாம். டொராண்டோவின் வார்விக் பிரதர்ஸ் அண்ட் ரட்டர், பிராண்ட்ஃபோர்டின் ஸ்டெட்மன் பிரதர்ஸ் போன்றவர்களின் வண்ண அச்சு அட்டைகளோ கட்டுக்கட்டாகக் கடைகளுக்குப் போனவை.

அச்சு அட்டைகளில் இன்னொரு சிக்கல், ஒரே அறுவடைப் படத்தின் கீழ் வெவ்வேறு ஊர்ப் பெயரைப் போட்டு விற்ற வழக்கமும் இருந்தது. ஆகவே அச்சிட்ட தலைப்பில் ஊர் இருக்கிறது என்பதற்காகப் படம் அந்த ஊர்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

புகைப்பட அட்டையில் வெள்ளை எழுத்தில் தலைப்பு இருந்தால் நின்று கவனியுங்கள். நெகட்டிவின் மேல் இடவலம் மாற்றிக் கையால் எழுதியது அது. அவசரத்தில் ஒன்றிரண்டு எழுத்து திரும்பியபடியே விழுந்திருக்கும். ஒரு புகைப்படக்காரரின் கையெழுத்து கண்ணுக்குப் பழகிவிட்டால், பெயர் போடாத அவருடைய மற்ற அட்டைகளையும் அடையாளம் காண முடியும்.

5. பின்பக்கம்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

நடுவில் கோடு இருக்கிறதா பாருங்கள். பழைய அட்டைகளில் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான், செய்தியை முன்பக்க ஓரத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். பாதியில் செய்தி, பாதியில் முகவரி என்று எழுதக் கனடா 1903 முடிவில் அனுமதித்தது, அமெரிக்கா 1907 மார்ச் 1-ல்தான் அனுமதித்தது. அதனால் கோடு இல்லாத அமெரிக்க அட்டை என்றால் பெரும்பாலும் 1907-க்கு முந்தைய தயாரிப்பு.

அடுத்து, தபால்தலை ஒட்டும் கட்டம். புகைப்படத் தாளைத் தயாரித்தவர்கள் தங்கள் பெயரை அந்தக் கட்டத்தைச் சுற்றி அச்சிட்டார்கள்: ஏஸோ, வெலாக்ஸ், சைக்கோ, நோகோ. அதிகம் வருவது ஏஸோ. அதன் நான்கு மூலையிலும் முக்கோணங்கள் மேல்நோக்கி இருந்தால் தாள் ஏறக்குறைய 1904–1918. இரண்டு மேல்நோக்கியும் இரண்டு கீழ்நோக்கியும் இருந்தால் ஏறக்குறைய 1918–1930. இது தாளின் காலம்தான், படத்தின் காலம் இல்லை. பழைய நெகட்டிவைப் புதுத் தாளில் போடுவதும், வாங்கி வைத்த தாளைப் பல வருடம் கழித்துப் பயன்படுத்துவதும் சகஜமாக நடந்தவை.

தபால்தலை ஒட்டியிருந்தால் அது பெரிய வரம். கனடாவில் ஏழாம் எட்வர்ட் முகம் போட்ட பச்சை ஒரு சென்ட் தலை 1903-ல் வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் முகம் போட்ட பச்சை ஒரு சென்ட் 1911 டிசம்பரில் வந்தது, 1922-ல் அது மஞ்சளாக மாறியது. 1915 ஏப்ரல் 15 முதல் முதலாம் உலகப் போருக்கான போர் வரியாக ஒரு சென்ட் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1917 நவம்பர் 2 முதல் 1919 ஜூன் 30 வரை அட்டைக்கு இரண்டு சென்ட், அதற்கு முன்னும் பின்னும் ஒரு சென்ட்.

கடைசியாகத் தபால் முத்திரை. சஸ்காச்சுவனும் ஆல்பர்ட்டாவும் மாகாணங்களானது 1905 செப்டம்பர் 1-ல். முத்திரையில் வடமேற்குப் பிரதேசங்கள் என்றோ அசினிபோயா மாவட்டம் என்றோ இருந்தால் முத்திரை செய்யப்பட்ட காலம் அதற்கு முந்தையது. ஆனால் சின்ன ஊர்களில் பழைய முத்திரையையே பிறகும் குத்திக்கொண்டிருந்தார்கள், ஆகவே வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

6. ஓர் அட்டையை வைத்துச் செய்து பார்ப்போம்

என்னிடம் உள்ள ஒரு கதிரடிப்புப் படம். தலைப்பு இல்லை, ஊர் இல்லை. இடது ஓரத்தில் நீராவி எஞ்சின், அதிலிருந்து நீண்ட பெல்ட் ஒன்று நடுவில் ஒரு முறுக்குப் போட்டுக் கதிரடிக்கும் எந்திரத்துக்குப் போகிறது. வைக்கோலில் பொறி பட்டுத் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக எஞ்சினை அவ்வளவு தள்ளி நிறுத்துவார்கள். பின்னால் குழாய் வழியாக வைக்கோல் பறந்து மலைபோல் குவிகிறது. வலது ஓரத்தில் சக்கரம் வைத்த சமையல் வண்டி, அதன் வாசலில் ஏப்ரன் கட்டிய இரண்டு பெண்கள். பதினைந்து இருபது ஆண்கள் வரிசையாக நிற்க, ஒருவர் தலைக்கு மேல் மட்டும் மையால் பெருக்கல் குறி.

பின்பக்கம் திருப்புவோம். ஏஸோ தாள், நான்கு முக்கோணமும் மேல்நோக்கி: சுமார் 1904–1918. ஐந்தாம் ஜார்ஜ் பச்சை ஒரு சென்ட்: 1911 டிசம்பருக்குப் பின். ஒரே ஒரு சென்ட்தான் ஒட்டியிருக்கிறது, போர் வரி இல்லை: 1915 ஏப்ரலுக்கு முன். முத்திரையில் சஸ்காச்சுவனும் நவம்பர் மாதமும் தெரிகின்றன, வருடம் அழிந்திருக்கிறது. இந்த இடைவெளியில் வரும் நவம்பர்கள் மூன்றே மூன்று: 1912, 1913, 1914. வருடம் தெரியாத அட்டை மூன்று வருடத்துக்குள் அடங்கிவிட்டது.

இது அனுப்பிய தேதிதான், படம் முந்தைய பருவத்தில் எடுத்ததாகவும் இருக்கலாம். அதனால்தான் செய்தியைப் படிக்க வேண்டும். ஒன்டாரியோவில் இருக்கும் அம்மாவுக்கு மகன் எழுதியது, குறி போட்டிருக்கும் ஆள் தான்தான், இந்த வாரம் வேலை முடிகிறது, ஊருக்கு ரயில் ஏறுவேன் என்கிறான். கிழக்கு மாகாணங்களிலிருந்து அறுவடைக்கென்று சலுகைக் கட்டண ரயில்களில் ஆயிரக்கணக்கில் வந்த கூலியாட்களில் ஒருவன். ‘இந்த வாரம்’ என்ற ஒரு சொல் படத்தையும் முத்திரையையும் ஒரே பருவத்தில் கட்டிவிடுகிறது.

7. ஊரைக் கண்டுபிடிப்பது

படத்தை அதிக தெளிவில் ஸ்கேன் செய்து பெரிதாக்குங்கள். எலிவேட்டர் சுவரில் கம்பெனிப் பெயர் இருக்கும், ஸ்டேஷன் நெற்றியில் ஊர்ப் பெயர் இருக்கும், கடைப் பலகையில் உரிமையாளர் பெயர் இருக்கும். உரிமையாளர் பெயர்தான் பலமுறை கைகொடுக்கிறது. பிரெய்ரி ஊர்களில் உள்ளூர் வரலாற்றுப் புத்தகம் போடுவது பெரிய வழக்கம், குறிப்பாக சஸ்காச்சுவன், ஆல்பர்ட்டா மாகாணங்களுக்கு 75 வயதான 1980-ஐ ஒட்டி நிறைய வந்தன, பலவற்றை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் பெயரை அதில் தேடினால் ஊரும் வருடமும் சேர்ந்து வரும்.

தபால் நிலையம் எது, எப்போது திறந்து எப்போது மூடியது என்பதற்கு கனடா நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தின் தபால் நிலையத் தரவுத்தளம் இருக்கிறது. பாதி அழிந்த முத்திரையை அதில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடப்பெயர்களில் சில கண்ணிகள் உண்டு. ஃபோர்ட் சஸ்காச்சுவன் இருப்பது ஆல்பர்ட்டாவில். ஒட்டாவா என்று இருந்தால் கேன்சஸ் மாநில ஒட்டாவாவாகவும் இருக்கலாம். சஸ்காச்சுவனில் பிரஷ்யா என்று ஓர் ஊர் இருந்தது, போரின்போது 1917-ல் லீடர் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஸ்ட்ராத்கோனா 1912-ல் எட்மண்டனோடு சேர்ந்துவிட்டது. பெரிய பெரிய கான்க்ரீட் எலிவேட்டர்கள் ஏரிக்கரையில் வரிசையாக நின்றால் அது பிரெய்ரியே இல்லை, ஒன்டாரியோவின் ஃபோர்ட் வில்லியமாகவோ போர்ட் ஆர்தராகவோ இருக்கும். இரண்டும் சேர்ந்து இன்றைய தண்டர் பே.

8. எங்கே தேடுவது

பிரெய்ரியில் மட்டும் தேடாதீர்கள். அட்டை என்பது ஊரைவிட்டு வெளியே போவதற்காகவே எழுதப்பட்டது. எழுதியவர் சஸ்காச்சுவனில், பெற்றவர் ஒன்டாரியோவில், இங்கிலாந்தில், நார்வேயில். பெற்றவர் வீட்டு அலமாரியில்தான் அது தங்கியிருக்கும், அந்த வீட்டைக் காலி செய்யும்போது அங்குள்ள வியாபாரியிடம் போகும். இங்கிலாந்து வியாபாரிகள் அதைப் பெரும்பாலும் ‘கனடா’ என்ற ஒரே பிரிவில் போட்டுவிடுகிறார்கள், கோதுமை என்ற சொல்கூடத் தலைப்பில் இருக்காது. ஈபே, டெல்காம்ப் போன்ற இணைய விற்பனைத் தளங்களில் ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் ‘பண்ணை’, ‘கதிரடிப்பு’, ‘அடையாளம் தெரியாத புகைப்படம்’ என்ற பொருளில் அந்தந்த மொழியில் தேடிப் பாருங்கள்.

கனடாவில் இருக்கிறவர்களுக்கு டொராண்டோ தபால் அட்டைக் கழகம் நடத்தும் கண்காட்சி நல்ல இடம், கையில் எடுத்து லூப் வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வாங்குவதென்றால் தபால் செலவு அட்டை விலையைத் தாண்டிவிடும். ஒரே விற்பனையாளரிடம் பல அட்டைகள் எடுத்து ஒரே பார்சலில் அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

9. விலையும் நிலையும்

சாதாரண அச்சு அட்டை சில டாலருக்குக் கிடைக்கும். ஊர் தெரிந்த, கூர்மையான புகைப்பட அட்டை பத்துகளில் போகும், விசேஷமானது நூறைத் தாண்டும். விலையை ஏற்றுவது ஊர் தெரிவது, மனிதர்கள் அருகில் தெளிவாக இருப்பது, வேலை நடந்துகொண்டிருப்பது. மூடிய சின்ன தபால் நிலையத்தின் தெளிவான முத்திரை இருந்தால் தபால்தலை சேகரிப்பவர்களும் போட்டிக்கு வருவார்கள், அப்போது படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் விலை ஏறும்.

மூலை மழுங்கியிருப்பது பரவாயில்லை. ஓரம் வெட்டியிருப்பது, பின்பக்கத்தில் ஆல்பத்தின் கறுப்புத் தாள் ஒட்டிச் செய்தியை மறைத்திருப்பது, தபால்தலையைக் கிழித்து எடுத்திருப்பது, இந்த மூன்றையும் நான் தவிர்ப்பேன். பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். சிலர் முன்பக்கத்தை மட்டும் காட்டுவதற்குக் காரணம் இருக்கும்.

10. மறுபிரதியும் மிகைப்படமும்

இருட்டில் டார்ச் அடியுங்கள். 1950-ஐ ஒட்டித்தான் தாளில் ஒளிரும் வெண்மைப்பொருள் சேர்க்க ஆரம்பித்தார்கள். அட்டை நீலமாகப் பளிச்சென்று மின்னினால் அது 1910-ஐச் சேர்ந்ததில்லை. மின்னாமல் இருப்பது மட்டும் போதாது, லூப் சோதனையும் வேண்டும். பழைய புகைப்படத்தில் கருமையான இடங்களைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பளபளப்பு மேலெழும்பித் தெரியும். அது முதுமையின் அடையாளம், துடைக்க முயலாதீர்கள்.

வண்டி நிறைய ஒரே ஒரு உருளைக்கிழங்கு, மரம் உயரச் சோளக்கதிர், இப்படி வந்தால் அது போலி அல்ல. கேன்சஸ் ஒட்டாவாவில் வில்லியம் மார்ட்டின் 1908 வாக்கில் படங்களை வெட்டி ஒட்டிச் செய்த மிகைப்பட அட்டைகள் போன்றவை அவை, அதற்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் எல்லைக்குள் வருகிறதா என்று மட்டும் முடிவு செய்யுங்கள்.

11. வீட்டுக்கு வந்ததும்

உறையில் போடுவதற்கு முன் ஸ்கேன், ஸ்கேனுக்குப் பின் பதிவு, பதிவுக்குப் பின்தான் உறை. உறையில் போனதை மறுபடி வெளியே எடுத்துக் குறிப்பெழுத யாருக்கும் மனம் வராது, அதனால்தான் இந்த வரிசை. இரண்டு பக்கத்தையும், ஓரம் வெட்டாமல், 600 டிபிஐயில் எடுங்கள்.

பதிவில் தனித்தனிக் கட்டங்கள்: அச்சிட்ட தலைப்பு அப்படியே, கையால் எழுதியது அப்படியே, முத்திரை, தாள், நீங்கள் ஊகிப்பது, ஊகத்துக்குக் காரணம், யாரிடம் என்ன விலைக்கு வாங்கியது. ஊகத்தையும் அட்டையில் இருப்பதையும் கலந்துவிட்டால் நாலு வருடம் கழித்து உங்களுக்கே பிரித்துப் பார்க்க முடியாது.

பூர்வகுடி மக்களின் படங்கள் உள்ள அட்டைகளில் இந்தப் பிரிப்பு இன்னும் அவசியம். கிரீ, பிளாக்ஃபுட் மக்களை ஸ்டுடியோவில் நிறுத்தி எடுத்து, பெயர் போடாமல், கேவலமான சொல்லைத் தலைப்பாக அச்சிட்ட அட்டைகள் நிறைய உண்டு. பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளின் படங்களும் தபால் அட்டையாக வந்திருக்கின்றன. அச்சிட்ட தலைப்பை மேற்கோளில் வையுங்கள், உங்கள் விவரணையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். படத்தில் இருப்பவரின் பெயர் தெரிந்தால் அதை முதலில் எழுதுங்கள். பள்ளிப் படம் கிடைத்தால் அந்தச் சமூகத்தின் ஆவணக் காப்பகத்துக்குத் தெளிவான பிரதி அனுப்புங்கள், தங்கள் பாட்டியின் சிறுவயதுப் படம் வேறெங்கும் இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன.

லேமினேஷன் செய்யவே கூடாது. ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பமும் வேண்டாம். பின்பக்கத்தில் எண் போடுவதென்றால் மென்மையான பென்சிலில், மூலையில், சின்னதாக. சென்னை மாதிரி ஈரக்காற்றுள்ள ஊரில் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், சுவர் ஈரம் பெட்டிக்குள் இறங்கும்.

கனடாவில் 1949-க்கு முன் எடுத்த புகைப்படங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, ஸ்கேனைப் பகிரத் தடையில்லை. அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி அனுப்பி, இது எந்தத் தெரு, இவர் யார் என்று கேளுங்கள். பதில் வந்ததும் பதிவில் ஊகம் என்ற கட்டத்திலிருந்து அதை எடுத்து, சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதோடு புதிய வரியாக எழுதிவிடுங்கள்.